மரவீடும் கம்பிவடச் சறுக்கும்: வெளிநாடு போகாதவரும் எழுதலாம்



'வெளிநாட்டுப் பயணத்தில் நான் கண்ட காட்டு அனுபவம்'. இப்படி ஒரு தலைப்பைப் பயிற்சித் தாளில் கொடுத்துப் பாருங்கள். லாபிஸ் பக்கத்து வகுப்பறையில் பாதிப் பேர் அதைத் தொடவே மாட்டார்கள். "நான் சிங்கப்பூருக்கே போனதில்ல டீச்சர், லாவோசுக்கு எங்க போறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்பா செம்பனைத் தோட்டத்திலும் அம்மா தொழிற்சாலையிலும் வேலை செய்கிற வீட்டில், விடுமுறைக்கு விமானம் ஏறுவது நடக்கிற காரியமா?

ஆனால், அந்தத் தலைப்பை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி. தேர்வில் கேட்பது உங்கள் கடப்பிதழை அல்ல. விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அதைச் சொல்லச் சரியான தமிழ்ச்சொல் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மரவீடு, கம்பியில் சறுக்கிப் போவது ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, எவ்வளவு செய்தி நம்ம பக்கத்திலேயே கிடைக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், அது எங்கே இருக்கிறது?

மரவீட்டில் தங்கி, கம்பியில் பறப்பதற்கு உலகப் பயணிகள் தேடிப் போகும் இடங்களில் ஒன்று லாவோஸ் நாட்டின் வடமேற்கில் உள்ள பொக்கேயோ மாநிலம். மேக்கோங் ஆற்றங்கரையில் ஹுவே சாய் என்ற சிறு நகரம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்து. அங்கிருந்து வண்டியிலும் பிறகு கால்நடையாகவும் போனால் நாம் கான் தேசியப் பூங்கா வரும். அந்தக் காட்டில்தான் 'கிப்பன் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற திட்டம் நடக்கிறது. பெரிய மரங்களின் உச்சியில் வீடுகள் கட்டியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறிப் போக ஏணி கிடையாது. பள்ளத்தாக்குக்கு மேலே கட்டியிருக்கும் எஃகுக் கம்பியில் சறுக்கி வந்துதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். சாப்பாடுகூடக் கம்பி வழியாகத்தான் வருகிறது!

இதை வெறும் கேளிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். மேற்குக் கருங்கொண்டைக் கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு அந்தக் காட்டில் வாழ்கிறது. உலகில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களில் அதுவும் ஒன்று. ஆண் கருப்பு, வளர்ந்த பெண் வெளிர்மஞ்சள் நிறம். விடியற்காலையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குரல் கொடுக்கும். வேட்டையும் மரம் வெட்டுதலும் அந்த இனத்தை ஒடுக்கிவிட்டன. பயணிகள் கொடுக்கும் கட்டணத்தில் சுற்றுக் கிராமத்து மக்களுக்கு வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கிடைத்தால், மரத்தை வெட்டி விற்பதைவிட நிற்க வைப்பதே அவர்களுக்கு லாபம். அந்தக் கணக்கின் மேல்தான் இத்திட்டம் நடக்கிறது.

மாணவர்களே, இதைக் கவனியுங்கள். 'மரவீடு அழகாக இருந்தது' என்று எழுதினால் அங்கேயே வாக்கியம் முடிந்துவிடும். 'மரவீடு ஏன் கட்டப்பட்டது' என்று எழுதத் தொடங்கினால் ஒரு பத்தியே கிடைக்கும்.

மரத்தைக் கொல்லாமல் வீடு கட்டுவது எப்படி?

உயிருள்ள மரம் கல்தூண் மாதிரி அசையாமல் நிற்காது. ஒவ்வொரு வருஷமும் பருக்கும். காற்றடித்தால் ஆடும். இந்த இரண்டும்தான் மரவீடு கட்டுபவருக்குத் தலைவலி.

பருப்பதை முதலில் பார்ப்போம். மரத்தைச் சுற்றிக் கயிற்றையோ கம்பியையோ இறுக்கிக் கட்டினால் என்ன ஆகும்? இலையில் தயாராகும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரம் பருக்கப் பருக்க, கட்டு பட்டைக்குள் புதைந்து அந்த வழியை நெரிக்கும். வேர் பட்டினி கிடக்கும். சில வருஷத்தில் மரம் பட்டுப்போகும்.

இதை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கப் படம் தேவையில்லை. தாத்தா பாட்டியைக் கேட்டாலே போதும். ரப்பர் மரம் சீவுகிறவர் கத்தியை மரத்தைச் சுற்றி முழு வட்டமாகக் கொண்டு போவாரா? மாட்டார். சாய்வாக, வழக்கமாகப் பாதிச் சுற்றளவுக்குத்தான் சீவுவார். மீதிப் பட்டை மரத்துக்குச் சோறு கொண்டு போக வேண்டும். ஆழமும் அப்படித்தான். பால் வரும் பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. ஒரு வகுப்பில் இதைக் கேட்டபோது, எப்போதும் கடைசி வரிசையில் பேசாமல் இருக்கும் ஒரு பையன் எழுந்து, பாட்டி கத்தியைப் பிடிக்கும் கோணத்தைக் கையாலேயே காட்டினான். லாவோசில் மரவீடு கட்டும் தச்சருக்குத் தெரிய வேண்டிய முதல் பாடம் அந்தப் பையன் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, கட்டக் கூடாது என்றால் வேறு வழி? இரண்டு வழி உண்டு. ஒன்று, பல சிறிய ஆணிகளுக்குப் பதிலாக ஒரே தடித்த எஃகு மரையாணியை மரத்துக்குள் செலுத்தி, அதன்மேல் உத்தரத்தைத் தாங்க வைப்பது. மரம் அந்த ஒரு காயத்தைச் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். மற்றொன்று, ஆணியே அடிக்காமல், மரத்துண்டுகளை அடிமரத்தைச் சுற்றி அணைப்பாக வைத்துப் பிடிப்பது. பட்டைக்கு இடையிடையே மூச்சுவிட இடம் இருக்கும். மரம் பருக்கப் பருக்க அதைத் தளர்த்திவிடலாம்.

அடுத்தது ஆட்டம். இரண்டு மரத்துக்கு நடுவே தளம் போட்டு, இரு பக்கமும் இறுக்கிவிட்டால், காற்றில் ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் ஆடும்போது உத்தரம் முறியும். அதனால் ஒரு முனையை இறுக்கி, மறு முனையை நகர்ந்துகொடுக்கும்படி விடுவார்கள்.

கம்பியில் மனிதர் எப்படிப் பறக்கிறார்?

இப்ப கம்பிக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்கள் படித்தது நினைவிருக்கிறதா? சாய்தளம், கப்பி இரண்டையும் சேர்த்தால் கிடைப்பதுதான் கம்பிவடச் சறுக்கு. கம்பிவடம் சாய்தளம். அதன்மேல் உருளும் சக்கரம் கப்பி. கப்பியிலிருந்து தொங்கும் பாதுகாப்புக் கச்சையில் மனிதர் உட்கார்ந்திருப்பார். மோட்டார் கிடையாது, எண்ணெய் கிடையாது. புவியீர்ப்பு விசை இழுக்கிறது.

வேகம் எவ்வளவு? தொடங்கும் இடம் முடியும் இடத்தைவிட 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லையென்றால், கீழே வரும்போது வேகம் வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கப்பியின் உராய்வும் காற்றின் தடையும் அதைக் குறைக்கும். எடை கூடியவர் வேகமாகப் போவார். எடை குறைந்த பிள்ளை நடுவழியில் நின்றுவிடுவதும் உண்டு. அப்படி நின்றால் கையால் கம்பியைப் பிடித்து மெல்ல மெல்லத் தன்னை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

கம்பியை நேர்கோடாக இழுத்துக் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. கொஞ்சம் தொய்வு இருக்கும். அந்தத் தொய்வினால், கடைசிப் பகுதியில் கம்பி சற்று மேலேறுவது போல அமையும். வேகம் தானாகவே குறையும். அது இயற்கையான தடை. அதை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு நிறுத்துக் கருவியும் வைக்க வேண்டும்.

பாதுகாப்பை ஒரு பத்தியாகவே எழுதலாம். கச்சையிலிருந்து கம்பிக்கு இரண்டு இணைப்புகள் இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் மற்றொன்று தாங்கும். இணைப்பு வளையத்தின் பூட்டைத் திருகி மூடினார்களா என்று பார்க்க வேண்டும். தலைமுடியைக் கட்ட வேண்டும், துப்பட்டா கழுத்தில் தொங்கக் கூடாது. ஓடும் கப்பிக்கு முன்னால் கையை வைக்கவே கூடாது. முன்னால் போனவர் இறங்கிவிட்டார் என்று அடையாளம் வந்த பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். பள்ளி முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களே, இந்த வரிகளைக் கட்டுரைக்காக மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்புவது நம்மை நம்பித்தான்.

இந்தக் கம்பிப் பயணம் புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டும் அல்ல. சீனாவின் யுன்னான் மாநிலத்தில், சால்வீன் ஆற்றின் மேல்பகுதியில் வாழும் மலைமக்கள் கரையிலிருந்து கரைக்குக் கட்டிய வடத்தில் தொங்கித்தான் நீண்ட காலம் ஆற்றைக் கடந்தார்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் அதுதான் பாதை. 1970களில் டொனால்ட் பெர்ரி என்ற உயிரியலாளர், கோஸ்டா ரிக்காவின் மழைக்காட்டில் மர உச்சியில் வாழும் உயிர்களை ஆராயக் கயிறுகளைப் பயன்படுத்தினார். காட்டுச் சுற்றுலாவில் கம்பிச் சறுக்கு பரவியது அதற்குப் பிறகுதான்.

பெயரில் ஒரு வேடிக்கை

நம் நாட்டில் பள்ளி முகாம்களில் இதை 'ஃபிளையிங் ஃபோக்ஸ்' என்றுதான் சொல்கிறோம். பறக்கும் நரி என்று மொழிபெயர்த்து எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயர் நரிக்கு உரியதல்ல, பழந்தின்னி வௌவாலுக்கு உரியது. முகம் நரியைப் போல இருப்பதால் வந்த பெயர். மலாயில் அந்த வௌவாலுக்குப் பெயர் 'கெலுவாங்'. ஆமாம், லாபிசிலிருந்து ரயிலில் தெற்கே போனால் வரும் குளுவாங் நகரின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். வெளிநாட்டு விளையாட்டு என்று நினைத்ததன் பெயர் நம் ரயில் பாதையிலேயே ஒரு நிலையமாக இருக்கிறது!

கட்டுரையில் என்ன சொல் போடலாம்? 'கம்பிவடச் சறுக்கு' என்று எழுதலாம். முதல் முறை எழுதும்போது 'முகாம்களில் ஃபிளையிங் ஃபோக்ஸ் எனப்படும் கம்பிவடச் சறுக்கு' என்று ஒரு விளக்கம் சேர்த்துவிட்டால் படிப்பவருக்குக் குழப்பம் இருக்காது.

மரவீட்டுக்குத் தமிழில் பழைய பெயர்

மரவீட்டுக்குச் சொல் தேடி அலைய வேண்டாம். பரண், இதணம், கழுது, பணவை என்று தமிழில் பல சொற்கள் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 261 அடிகள் கொண்ட பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழை அறிவிக்கக் கபிலர் பாடினார் என்பது மரபு. அப்படிப் பார்த்தால், நம்மைப் போலத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவர் செய்த பாடப்பொருள் அது.

அதில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்கப் போகிறார்கள். அவர்கள் ஏறி அமரும் இதணம் எங்கே இருக்கிறது தெரியுமா? மரத்தின் மேல். உயரத்தில் இருந்து காவல் காக்கும் ஒருவன் அதை அமைத்திருக்கிறான். புலியும் நெருங்கத் தயங்கும்படி அது இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டுகிறார்கள். தினைப்புனம் காத்தல் குறிஞ்சித் திணையின் கருப்பொருளில் வரும் தொழில் என்று படித்திருப்பீர்கள். அந்தத் தொழிலுக்கான இடம்தான் இந்த மரவீடு. மலையாளத்தில் மலைமக்களின் மரவீட்டை இன்றும் 'ஏறுமாடம்' என்பார்கள். ஏறு, மாடம் இரண்டும் நமக்குத் தெரிந்த சொற்களே.

படிவம் 6 மாணவர்கள் இதைத் திணையோடு சேர்த்து எழுதலாம். அன்று விளைந்த தினையைக் காக்க மனிதர் மரமேறினார். பொக்கேயோவில் காட்டையே காக்க மரமேறுகிறார்கள்.

காடு நம் பக்கத்திலேயே இருக்கிறது

லாபிசுக்கு அடுத்த ரயில் நிலையம் பெக்கோக். அங்கிருந்து உள்ளே போனால் செலாய் நுழைவாயில். அது எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் மேற்கு வாசல். தாக்கா திங்கி, தாக்கா பாண்டான் அருவிகள் அந்தப் பக்கம்தான். ஜக்கூன் பூர்வக்குடியினரின் கிராமங்களும் அங்கே உள்ளன. லாவோசில் கிப்பன் பாடுகிறது என்றோமே, இந்தக் காட்டிலும் வெண்கைக் கிப்பன் இருக்கிறது. மலாயில் 'உங்கா' என்கிறோமே, அதேதான்.

இந்தக் காடும் சும்மா மிஞ்சிவிடவில்லை. 1977-இல் பகாங் பக்கத்தில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது நாடு முழுதும் எதிர்ப்பு எழுந்தது. 1985-86-இல் மலேசிய இயற்கைச் சங்கம் அறிவியலாளர்களையும் தொண்டர்களையும் திரட்டிக் காட்டை ஆராய்ந்தது. 1993-இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. குறிஞ்சிப்பாட்டில் புலியும் அஞ்சும்படி இதணத்தை மரத்தில் கட்டினார்கள். இன்று தீபகற்ப மலேசியக் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளதாக ஆய்வு சொல்கிறது. அவற்றில் சில இந்த எண்டாவ்-ரொம்பின் காட்டில் உலவுகின்றன. ஒரு மாணவர் தம் கட்டுரையில் இந்த இரண்டு செய்தியையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும், பெரிய அறிவுரை எதுவும் எழுத வேண்டியதில்லை.

எழுதும்போது கவனிக்க

கற்பனையாக எழுதுவதில் தவறில்லை. ஆனால் கற்பனை என்றால் அளவில்லாமல் ஊதுவது அல்ல. பாப்புவாவின் கொரோவாய் மக்கள் மர உச்சியில் வீடு கட்டுவதை பிபிசி ஒரு தொடரில் காட்டியது. அவ்வளவு உயரமான அந்த வீடு படப்பிடிப்புக்காகக் கட்டப்பட்டது என்று 2018-இல் அதே நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவர்கள் வழக்கமாக வாழும் வீடுகள் அதைவிடத் தாழ்ந்தவை. உலகமே பார்க்கும் தொலைக்காட்சிக்கே ஊதுகிற ஆசை வரும்போது, தேர்வுத்தாளில் நமக்கு வராதா? 'வானத்தைத் தொட்டேன்', 'மின்னல் வேகத்தில் பறந்தேன்' என்பதெல்லாம் அந்த ஆசைதான்.

இரண்டு பத்திகளை ஒப்பிடுங்கள்.

முதலாவது: 'நான் கம்பியில் ஏறினேன். பயமாக இருந்தது. இயற்கை அன்னை பச்சைப் பட்டாடை உடுத்தியிருந்தாள். என் வாழ்வில் மறக்க முடியாத நாள் அது.'

இரண்டாவது: 'கச்சையின் வாரை வழிகாட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். கால் தளத்தை விட்டதும் கப்பி கீச்சிட்டது. கீழே மரங்களின் தலைகள் தெரிந்தன, தரை தெரியவில்லை. நான் எடை குறைந்தவள் என்பதால், வீட்டுக்குப் பத்து மீட்டர் இருக்கும்போதே கம்பி என்னை நிறுத்திவிட்டது. கையுறையோடு கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்துப் போய்ச் சேர்ந்தேன்.'

இரண்டாவதை எழுதியவர் லாவோசுக்குப் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கப்பி, தொய்வு, எடை இவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்திருந்தால் போதும். பயம் என்ற சொல்லே இல்லாமல் பயம் அதில் தெரிகிறதல்லவா?

வகுப்பறைக்கு மூன்று நடவடிக்கைகள்

1. தையல் நூல், நூல் சுற்றும் சிறு உருளை, ஒரு மண்பொம்மை. மேசையிலிருந்து நாற்காலிக்கு நூலைக் கட்டி, தொய்வைக் கூட்டியும் குறைத்தும் பொம்மை எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததை ஐந்து வாக்கியத்தில் எழுதட்டும்.

2. மரம் சீவிய அனுபவமுள்ள உறவினரிடம் மாணவர் மூன்று கேள்வி கேட்டு வரட்டும். கத்தி, கோணம், பட்டை பற்றி அவர் பயன்படுத்திய சொற்களை அப்படியே குறித்து வர வேண்டும். தோட்டப்புறச் சொற்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பயிற்சியில் சில சொற்களாவது ஏட்டில் ஏறும்.

3. பரண், இதணம், கச்சை, கப்பி, கம்பிவடம், தொய்வு, அடிமரம், உத்தரம் ஆகிய எட்டுச் சொற்களையும் பயன்படுத்தி 'பெக்கோக் காட்டில் ஒரு மரவீடு கட்டினால்' என்ற தலைப்பில் விளக்கக் கட்டுரை. யார் கட்ட வேண்டும், எந்த மரத்தில், கட்டணம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது பயிற்சியில் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காட்டோரத்தில் வாழ்கிறவர்கள் நம் மாணவர்களும், அவர்களோடு ஒரே பள்ளியில் படிக்கும் பூர்வக்குடிப் பிள்ளைகளும்தான். கேள்விக்கு அவர்கள் எழுதும் பதிலை நிதானமாகத் திருத்துங்கள்.